ரசத்தில் ஒரு கசப்பு

கசக்கிறது. இன்றைக்கும் கசக்கிறது. நேற்று அளவுக்கு இல்லை, ஆனாலும் கசப்பு கசப்புதானே, முதல் வாய் ரசச்சோற்றை நாக்கில் வைத்த உடனேயே சந்தனகுமாருக்குத் தெரிந்துவிட்டது. விழுங்கவில்லை. விழுங்கவும் கூடாது. கூழாகிற வரைக்கும் மெல்ல வேண்டும், கூழான பிறகும் இன்னும் கொஞ்சம் மெல்ல வேண்டும் என்பது மதுரை டாக்டர் போட்ட சட்டம். அந்தச் சட்டம் இப்போது வசதியாகப் போயிற்று. மெல்லுகிற சாக்கில் ஒரு பொருளை வாய்க்குள்ளேயே நிறுத்தி வைத்து விசாரிக்கலாம், ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. மிளகா? மிளகு உறைக்கும், கசக்காது. கருகின சீரகமா? வெந்தயமா? ரசத்துக்கு வெந்தயம் யார் போடுவார்கள்? கசப்புக்குப் பின்னாலேயே வேறு ஏதோ ஒன்று பதுங்கிக்கொண்டு வருகிறதே, அது என்ன? முன்னெல்லாம் இந்த நாக்குக்கு இவ்வளவு அறிவு கிடையாது. எது வந்தாலும் வழிவிட்டு உள்ளே அனுப்பும். வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்து ஐந்தாறு மாதம் ஆகிறது. போன வயிற்றின் புத்தியெல்லாம் நாக்குக்கு வந்து சேர்ந்துவிட்டதோ என்னவோ, தண்ணீரைக் குடித்தால் எந்தத் தெருக் குழாயில் பிடித்தது என்றுகூடச் சொல்லும் போலிருக்கிறது. எதிரே சாப்பாட்டு மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேச்சியக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடுக்களையில் அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி எதையோ வறுக்கிற சத்தம் கேட்டது. வறுப்பவள் ஏன் இவ்வளவு நேரம் வறுக்கிறாள், ஏன் வெளியே வரவில்லை? தப்புச் செய்தவர்கள்தான் கையில் வேலையை வைத்துக்கொண்டே இருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை விரட்டாமல் அதையும் சேர்த்து மென்றான்.

சந்தேகப்படுவதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் லாரி எடைமேடை வைத்திருக்கிறவன் சந்தேகப்படாமல் பிழைக்க முடியாது. காலி வண்டியில் தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வருகிறவன், சீட்டுக்கு அடியில் இரும்புத் துண்டைப் போட்டுக்கொண்டு வருகிறவன், பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி டீ குடிக்கப் போகிறவன், இவர்கள் எல்லோரையும் பார்த்துப் பார்த்து, வருகிற வண்டி எதுவும் சும்மா வராது என்று அவன் மனசு முடிவுகட்டி வைத்திருக்கிறது. அந்த டிரைவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க, எனக்கு லோடு கூடிக் காட்டுது" என்று அவனுடைய அப்போதைய பெருத்த உடம்பைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டு அறைக்குள் போய் மூச்சு வாங்குவான். மூச்சுதான் கடைசியில் அவனை ஆஸ்பத்திரிக்குத் தள்ளியது. தூக்கத்தில் அது நின்று நின்று வரும். ஜெயக்கொடி தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். முழிப்பு வந்து "என்னட்டி" என்றால் "ஒண்ணுமில்ல, கொசு" என்பாள். அப்படிக் கொசு விரட்டினவளா? இல்லை, அதே விரலால்தான் ரசத்தில் எதையோ கரைக்கிறாளா? சீ, என்ன மனுஷன் நான் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கும் கசப்புக்கும் சம்பந்தம் இல்லை, கசப்பு அதுபாட்டுக்கு நாக்கின் அடியில் உட்கார்ந்திருந்தது. இவள் கை ரசம் எப்போது கசந்தது? நான்கு நாளாகத்தான். நான்கு நாளும் ரசம் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் முதுகில் வேர்வை ஊற்றெடுக்கிறது, நெஞ்சு திடும்திடும் என்று அடித்துக்கொள்கிறது, கட்டிலில் போய் விழுந்தால் கூரை சுற்றுகிறது. ஆப்பரேஷன் செய்த புதிதில்கூட இப்படிப் படுத்தியதில்லை. டாக்டருக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அக்கா வீட்டில் இருக்கும்போது எந்த டாக்டர், எதற்கு டாக்டர் என்று கேள்வி வருமே.

ஏனென்றால் பேச்சியக்காவுக்கு எதுவும் தெரியாது. அம்மா செத்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தானாம். அக்கா பாவாடை சட்டை போட்ட பிள்ளை. அன்றைக்குப் பிடித்த சோற்றுச் சட்டியை அவள் கீழே வைக்கவே இல்லை. தன் தட்டில் பருக்கைகளைப் பரப்பி நிறைய இருக்கிற மாதிரி காட்டிவிட்டு, அவன் தட்டில் குவித்துப் போடுவாள். ரேஷன் அரிசியில் வளர்ந்த தெருவில் அவன் ஒருத்தன் மட்டும் கொழுகொழுவென்று இருந்தான். "யார் வளத்த பிள்ளை பாத்தியா" என்று அவன் கன்னத்தைத் திருகி ஊருக்குக் காட்டுவாள். கட்டிக்கொடுத்த இடத்தில் அவளுக்குப் பிள்ளையும் இல்லை, புருஷனும் நிலைக்கவில்லை. உலகத்தில் அவள் செய்தது என்று காட்ட இந்த உடம்பு ஒன்றுதான் இருந்தது. அதைப் போய் வெட்டப்போகிறேன், நீ போட்ட சோற்றுக்கு இனி இடமில்லை என்று எந்த வாயால் சொல்வது? சென்னைக்கு மெஷின் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதுரையில் போய்ப் படுத்தான். படுப்பதற்கு முன்னால் ஜெயக்கொடியின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, அக்கா காதுக்கு இது போகக்கூடாது, என் தலைமேல் சத்தியம் என்று வாங்கிக்கொண்டான். அவள் அழுதுகொண்டே செய்தாள். ஆப்பரேஷனே வேண்டாம், நடந்து உடம்பைக் குறைக்கலாம் என்று கடைசி வரைக்கும் சொன்னவள் அவள். அக்கா இருக்கிற ஊர்க்காரர்கள் எடைமேடைக்கு வந்துபோய், உன் தம்பி உருகிவிட்டான் என்று அக்காவிடம் ஓதியிருக்கிறார்கள். சர்க்கரையாம், டிபியாம், இன்னும் சத்தமாகச் சொல்லக்கூடாத ஒன்றாம். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். அன்று மத்தியானம் அவன் ஒரு கிண்ணம் சோற்றோடு மல்லுக்கட்டுவதையும், நாலு வாய்க்குமேல் இறங்காமல் எழுந்து போய்த் துப்புவதையும் பார்த்தாள். மறுநாளே தீர்ப்பு வந்துவிட்டது.

அந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் அவன் மனசு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜெயக்கொடியைப் பார்த்து அக்கா சொன்னாள், "ஏட்டி, என் தம்பிக்கு என்னத்தட்டி வச்ச? கைக்குள்ள போட்டுக்கிடணும்னு நீ வச்ச மருந்து அவன் குடல்ல ஒட்டிக்கிட்டு ஆளத் திங்குது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு வா. கையில சூடத்த ஏத்தி, நான் எதுவும் வைக்கலன்னு சத்தியம் பண்ணு. பண்ணலன்னா உன் வீட்டு ஆளுகளக் கூப்பிட்டுப் பேசிக்கிடுதேன்." சோற்றில் இடுகிற மருந்தைப் பற்றி அவன் சின்ன வயசிலிருந்தே கேட்டிருக்கிறான். புருஷன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் மருந்து, இளைத்தால் மருந்து, வாந்தி எடுத்தால் மருந்து. சிரிக்கிற விஷயம். ஆனால் ஊர் சிரிக்காது. ஒரு பொம்பளைக்கு மருந்து வைத்தவள் என்று பெயர் விழுந்துவிட்டால், அப்புறம் எந்த வீட்டிலும் அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். ஜெயக்கொடி கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்க வேண்டும். ஆப்பரேஷன் என்று சொன்னால் முடிந்தது. அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, லோடு வந்திருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டான். அன்றைக்கு ஒரு லோடும் வரவில்லை. வெள்ளிக்கிழமை நாளைக்கு.

ஆனால், இந்த ஆனால்தான் நான்கு நாளாக அவனைச் சுற்றிச் சுற்றி வருகிறது, ஒருவேளை அவள் வைத்திருந்தால்? ஆப்பரேஷனுக்கு முன்னால் வைத்திருக்க மாட்டாள், எதற்கு வைப்பாள், அந்தப் பெரிய உடம்பை யார் வந்து தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். இப்போது? இப்போது அவனுக்குத் தாடை எலும்பு தெரிகிறது. இன் பண்ணிய சட்டையோடு ஷிப்பிங் ஆபீசுக்குப் போனால் அங்கிருக்கிற பெண் "சார், தம்பி வந்திருக்காருன்னு நெனச்சேன்" என்கிறாள். அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தான், முட்டாள். ஜெயக்கொடி சிரிக்கவில்லை. "இனி ஊரே உங்களத்தான் பாக்கும்" என்றாள். அந்தக் குரலில் என்ன இருந்தது? நீலச் சட்டை வேண்டாம், ரொம்ப எடுப்பாக இருக்கிறது என்றாளே, ஏன்? போன மாதம் நாசரேத்தில் அவள் சித்தி வீட்டுக்குப் போய்வந்தாளே, அந்தச் சித்தப்பா சித்தியின் கையைத் தவிர வேறு இடத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார், அதற்குச் சித்தி வைத்த மருந்துதான் காரணம் என்று ஊர் சொல்லும், அதுவும் அவனுக்குத் தெரியும். போய்வந்த கையோடு ஏதாவது வாங்கிவந்திருந்தால்? நேசத்தில்தான் வைப்பார்கள், கொல்லுவதற்கு யாரும் வைப்பதில்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது. இப்படியெல்லாம் நினைக்கிறவன் பி.காம். படித்தவன். படித்தது எல்லாம் கழுத்துக்கு மேலே இருந்தது, கசப்பு கழுத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாய். மூன்றாவது வாய். உள்ளே அந்தச் சின்னப் பை இறுகிப் பிடித்துக்கொண்டு, போதும் என்றது. அவன் கிண்ணத்தைத் தள்ளினான். அடுக்களைச் சத்தம் நின்றது. அந்த நிசப்தமும் அவனுக்குப் பிடிக்கவில்லை. யாரோ காதை வைத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. அவன் வாய் அவனைக் கேட்காமலேயே பேசிவிட்டது.

"ஜெயக்கொடி, ரசத்துல என்னத்தப் போட்ட?"

சொன்ன பிறகுதான் அதன் கனம் அவனுக்குத் தெரிந்தது. பேச்சியக்கா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "கேட்டியா? என் தம்பி வாயாலயே வந்துட்டு. நான் சொன்னப்ப துணியக் காயப்போட்டுக்கிட்டு நின்னியே, இப்ப அவன் கேக்கான், பதில் சொல்லு." ஜெயக்கொடி வெளியே வந்தாள். கையில் கரண்டி இருந்தது. அக்காவைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். பரீட்சையில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி" என்றாள்.

"வேற?"

"வேற ஒண்ணும் போடல."

அவள் முகத்தில் பொய்யைத் தேடினான். தண்ணீர் டிரம் எங்கே, இரும்புத் துண்டு எங்கே என்று வண்டியைச் சுற்றிவருகிற அதே கண்ணால் தேடினான். அவள் அப்படியே நின்று தேடவிட்டாள். அதற்குள் வேர்வை ஆரம்பித்துவிட்டது. காதுமடல் சுட்டது, பிடரியில் ஊறியது, நெஞ்சு திடும்திடும் என்று கிளம்பியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். விஷம், இது விஷமேதான் என்று பயந்த மாத்திரத்தில், பயத்துக்கு நடுவிலிருந்து மதுரை டாக்டரின் குரல் சாவகாசமாக வந்தது: இனிப்பு மட்டும் வேண்டாம் சார், சிலருக்கு இனிப்பு பட்டதும் வேர்க்கும், படபடக்கும், தலைசுற்றும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். இனிப்பு. கசப்புக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு வந்தது அதுதான். நாக்குக்கு இப்போது பெயர்கூட வந்துவிட்டது, கருப்பட்டி. டாக்டர் அதைச் சொன்னபோது பக்கத்தில் நின்றவள் ஜெயக்கொடி. வீட்டுக்கு வந்த அன்றைக்கே சீனி டப்பா, வெல்லம், தேன், கல்கண்டு எல்லாவற்றையும் வாரிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவள் அவள். அவளும் இத்தனை மாதமாகச் சீனியில்லாத காப்பிதான் குடிக்கிறாள். இந்த வீட்டில் மருந்துக்குக்கூட இனிப்பு கிடையாது. அப்படியென்றால் வெளியிலிருந்து வந்திருக்கிறது. நான்கு நாளாக வந்திருக்கிறது. அக்கா பையோடு வந்து இறங்கியதும் அப்போதுதான். அவன் மெதுவாகத் திரும்பிப் பேச்சியக்காவின் முந்தானையைப் பார்த்தான். நுனியில் ஒரு முடிச்சு இருந்தது. அவள் கை தன்னால் போய் அதைப் பொத்திக்கொண்டது.

"யக்கா, முந்தானையில என்ன முடிஞ்சு வச்சிருக்க?"

அக்கா மழுப்பவில்லை. தப்பு என்று நினைத்தால்தானே மழுப்ப. "முறிவு மருந்து. வரும்போதே ஊர்ல வைத்தியர்கிட்ட வாங்கிட்டு வந்தேன். கசக்கும்னு கருப்பட்டியில உருட்டித் தந்தாரு, ஒன் கிண்ணத்து ரசத்துல கரைச்சு விட்டேன். இவ வச்சத நான்தானே முறிக்கணும்? வேற யாரு இருக்கா உனக்கு?" அவன் நெற்றி வேர்வையைக் கையால் வழித்தாள். "பாரு, எப்படி வேர்க்கு பாரு. உள்ள இருக்கது வெளிய வர மல்லாடுது."

"உள்ள ஒண்ணும் இல்லக்கா. இவ எதையும் வைக்கல. என் வயித்த வெட்டி எடுத்தாச்சு. நான்தான் போய் வெட்டிக்கிட்டேன். மதுரையில." பனியனைத் தூக்கிக் காட்டினான். வயிற்றில் பொட்டுப் பொட்டாக நாலைந்து தழும்பு. பேச்சியக்கா குனிந்து பார்த்தாள். நம்பவில்லை. ஒரு தழும்பை விரலால் தொட்டாள், அப்புறம் இன்னொன்றை. அவள் கொதிப்பாள் என்று எதிர்பார்த்தான், நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"எம்புட்டு எடுத்தாங்க?"

"முக்கால்வாசி."

"எடுத்தத என்னலே பண்ணுனாங்க?"

அவனுக்குத் தெரியவில்லை. ஆயிரத்தெட்டுச் சந்தேகம் கேட்டுத்தான் அந்த ஆஸ்பத்திரியில் படுத்தான், மயக்க ஊசியைப் பற்றிக் கேட்டான், கத்தியைப் பற்றிக்கூடக் கேட்டான், இதைக் கேட்கத் தோன்றவே இல்லை. "தெரியாதுக்கா" என்றான்.

"கேக்கக்கூட இல்லியா நீ?" அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்து கஞ்சி காச்சித் தந்திருப்பேன்லா. வேண்டாம்னா சொல்லப்போறேன்? ஒனக்குப் போடணும்னுதானல இருந்தேன், நெறையப் போடணும்னா இருந்தேன்?" அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "இவளுக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெயக்கொடி சொன்னாள். "தெரியும் மைனி. ஒங்கட்ட சொல்லக்கூடாதுன்னு அவரு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. நான் வாயத் தொறந்தா அவருக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயம்."

"நான் அம்புட்டுப் பேசும்போதும் தொறக்கலியே நீ."

"அவரு சொல்லுவாருன்னு இருந்தேன்."

பேச்சியக்கா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது, அவிழவில்லை. ஜெயக்கொடி கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் குனிந்து, அந்த முடிச்சைத் தானே அவிழ்த்துக் கொடுத்தாள். அக்கா உருண்டைகளை எடுத்து ரசக்கிண்ணத்துக்குள் போட்டாள். "என்னைய மன்னிச்சிரு தாயி. சூடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயக்கொடியும் அந்தக் கையை விடவில்லை. சந்தனகுமாருக்கு வேர்வை அடங்கிக்கொண்டு வந்தது. படபடப்பு குறைந்தது. ஒரு வழியாக முடிந்துவிட்டது, நாளைக்குக் கோயிலும் கிடையாது, ஊர்ப் பேச்சும் கிடையாது என்று அவன் முதுகை நாற்காலியில் சாய்த்தான். இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்துக்கா இத்தனை நாள் பயந்தேன் என்றுகூடத் தோன்றிவிட்டது.

ஜெயக்கொடி அக்காவின் கையைப் பிடித்தபடியே அவன் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை, கணக்கு உதைக்கிற இடத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"மைனிக்கு விசயம் தெரியாது, அதனால என்னைய நம்பல. ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்லா. நீங்க ஏன் நம்பல?"

அவன் அக்காவைப் பார்த்தான். பேச்சியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளும் அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள்.